கார் நின்ற பிறகும் நிற்காதவை

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. ஜிஏஆர்சி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வாகனச் சோதனை வசதிகளை நாட்டிலேயே உருவாக்க வந்த நாட்ரிப் திட்டத்தின்கீழ் எழுந்தது. புதுக் கார்களை வேகமாக ஓடவிட்டு மோதச் செய்து, என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கென்றே அங்கே ஓர் ஆய்வகம் உண்டு. இத்தகைய சோதனைகளில் ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருப்பது ஹைப்ரிட் 3 என்ற பொம்மை. 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை. அதன் வினைல் தோலை விலக்கினால் எஃகால் ஆன ஆறு விலா எலும்புகள் தெரியும். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் நுரைப்பஞ்சு இருக்கும். இதயம் இல்லை, நுரையீரல் இல்லை, கல்லீரல் இல்லை.

ஆனாலும் அந்தப் பொம்மையிடமிருந்து வரும் எண்கள்தான் ஒரு கார் விற்பனைக்கு வரலாமா என்பதை முடிவு செய்கின்றன. ஏஐஎஸ் 098 என்ற இந்தியத் தரநிலையின்படி கார் மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் முன்பக்கமாக மோதும்போது பொம்மையின் மார்பு 50 மி.மீ.க்கு மேல் உள்ளே அமுங்கக் கூடாது. ஏஐஎஸ் 099 என்பது பக்கவாட்டு மோதலுக்கானது. அதில் பொம்மையும் வேறு, அளவுகளும் வேறு. விலா 42 மி.மீ.க்கு மேல் அமுங்கக் கூடாது. வயிற்றின்மேல் விழும் விசை 2.5 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. சுமார் 250 கிலோ எடையை வைத்ததற்குச் சமம். இடுப்பெலும்பின் முன்மூட்டுக்கு 6 கிலோநியூட்டன் எல்லை. தலைக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, அதன் வரம்பு 1000.

தலை, மார்பு, வயிறு, இடுப்பு. நம் முக்கிய உறுப்புகள் குடியிருக்கும் நான்கு பெரிய அறைகளுக்கும் எல்லை வகுத்தாயிற்று. ஆனால் பொம்மை அளப்பது அறையின் சுவரை. சுவர் எவ்வளவு அமுங்கியது என்று சொல்லும்; உள்ளே இருந்தவற்றுக்கு என்ன ஆனது என்பதை அந்த எண்ணிலிருந்து நாம்தான் ஊகிக்க வேண்டும்.

விபத்துக் காயங்களை ஆராய்பவர்கள் ஒவ்வொரு விபத்திலும் மூன்று மோதல்கள் நடப்பதாகச் சொல்வார்கள். முதலில் வாகனம் எதன்மீதோ மோதுகிறது. அடுத்து, உள்ளே இருப்பவர் பெல்ட்டிலோ ஸ்டீயரிங்கிலோ டேஷ்போர்டிலோ மோதுகிறார். உடல் நின்றுவிட்டது. உடலுக்குள் இருப்பவை இன்னும் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கின்றன. மூளை மண்டையோட்டின் உட்சுவரிலும், இதயம் மார்பெலும்பின் பின்புறத்திலும், கல்லீரல் விலாக்களின் உட்பக்கத்திலும் போய் இடிப்பதுதான் மூன்றாவது மோதல்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். 56 கி.மீ. என்பது நொடிக்கு 15.6 மீட்டர். காரின் முகப்பு நசுங்கியும் பெல்ட் கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுத்ததில், ஓட்டுநரின் உடல் 60 செ.மீ. தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆகும் நேரம் 0.08 நொடிகூட இல்லை. அதற்குள் புவியீர்ப்பைப்போல் சராசரியாக 20 மடங்கு விசை உடலில் இறங்குகிறது. ஒன்றரைக் கிலோ கல்லீரல், தன்னைப் பிடித்திருக்கும் இணைப்புகளை 30 கிலோவாக இழுக்கும். 300 கிராம் இதயம் 6 கிலோவாகும். இது பெல்ட் போட்டவரின் கணக்கு. பெல்ட் இல்லாமல் நெஞ்சு நேராக ஸ்டீயரிங்கில் போய் இடித்தால், நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான். தூரம் குறையக் குறைய விசை ஏறிக்கொண்டே போகும்.

உறுப்புகளை இறுகப் பிடித்து வைத்திருந்தால் இந்த ஆபத்து இல்லையே என்று தோன்றலாம். ஆனால் உறுப்புகள் அசைந்தால்தான் வேலை நடக்கும். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிகிறது. நுரையீரல் இருபதாயிரம் தடவைக்கும் மேல் நிறைந்து வடிகிறது. குடல் ஓயாமல் நெளிகிறது. இந்த அசைவுக்கு வழிசெய்யும் ஏற்பாடு கருவின் நான்காவது வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது உடலின் முன்பக்கத்தில் ஒரே ஒரு தொடர்ச்சியான குழிதான் உண்டு. அதில் பிறகு தடுப்புகள் எழுந்து, இதயத்துக்குப் பெரிகார்டியம், நுரையீரல்களுக்குப் புளூரா, வயிற்று உறுப்புகளுக்குப் பெரிட்டோனியம் என்று தனித்தனி உறைகளாகப் பிரிகின்றன. ஒவ்வோர் உறையும் இரண்டு படலம். ஒன்று உறுப்போடு ஒட்டியிருக்கும், மற்றது சுவரோடு. நடுவே மிக மெல்லிய ஈரம். நுரையீரலைச் சுற்றி இருபுறமும் சேர்த்தே அந்த ஈரம் சில தேக்கரண்டிக்கு மேல் போகாது. நலமான உடலில் இந்த அறைகளில் காலியிடம் என்று எதுவும் கிடையாது; வழுக்குப் பரப்புகள் மட்டும்தான் உண்டு.

எல்லா இடத்திலும் வழுக்கவும் முடியாது. ரத்தக்குழாய் வந்து சேரும் இடத்திலும், தசைநார் பிடித்திருக்கும் இடத்திலும் உறுப்பு கட்டப்பட்டிருக்கிறது. மோதலில் பெரும்பாலும் கிழிவது இந்த எல்லைக்கோடுதான். ஒரு பக்கம் அசையக்கூடியது, மறுபக்கம் அசையாதது. எலும்புக்கூட்டு வரைபடத்தைவிட இந்தக் கட்டுப் புள்ளிகளின் வரைபடம்தான் விபத்து மருத்துவருக்கு அதிகம் உதவும் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு மிகக் கொடுமையான உதாரணம் பெருந்தமனி. இதயத்திலிருந்து கிளம்பி வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. வளைவுப் பகுதி இதயத்தோடு சேர்ந்து ஆடும். இறங்கும் பகுதி முதுகெலும்போடு பிணைந்தது, ஆடாது. இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு அருகே ஒரு சிறு தசைநாரும் இழுத்துப் பிடித்திருக்கிறது. தாயின் வயிற்றில் இருந்தபோது நுரையீரலைத் தவிர்த்து ரத்தத்தை மாற்றிவிட்ட குழாய், பிறந்த பிறகு சுருங்கி மிஞ்சிய நார் அது. வேகம் சட்டென்று நிற்கும்போது பெருந்தமனி கிழிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முழுதாகக் கிழிந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வந்து சேர்வதில்லை.

மார்பறைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. நுரையீரலுக்குச் சுருங்கிப் போவதே இயல்பு. அதை விரித்துப் பிடித்திருப்பது புளூராவின் இரு படலங்களுக்கு நடுவே உள்ள குறைவழுத்தம். வெளிக்காற்றைவிட சுமார் 5 செ.மீ. நீர்மட்டம் குறைவு, அவ்வளவுதான். உடைந்த விலாவின் முனை குத்தி அந்த இடைவெளிக்குள் காற்று நுழைந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். உள்ளே போகும் காற்று வெளியேற வழியில்லாமல் ஒவ்வொரு மூச்சுக்கும் சேர்ந்துகொண்டே போனால், அது இதயத்தையே மறுபக்கம் தள்ளி ரத்தம் திரும்பி வருவதைத் தடுத்துவிடும். விலாக்களுக்கு நடுவே குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர் உள்ள பாட்டிலில் அமிழ்த்தி வைப்பதை விபத்து வார்டுகளில் பார்த்திருப்பீர்கள். ஐசிடி போட்டிருக்கிறார்கள் என்பார்கள். காற்று குமிழியாக வெளியேறும். தண்ணீர் தடுப்பதால் திரும்பி உள்ளே போகாது. இதய உறை இதைவிடக் கண்டிப்பானது. அது சட்டென்று விரிந்து கொடுக்காது. நூற்றைம்பது, இருநூறு மில்லி ரத்தம் திடீரென அதற்குள் தேங்கினாலே இதயம் நிரம்ப இடமில்லாமல் போய்விடும். உடலில் உள்ள ஐந்து லிட்டரில் அது ஒரு டம்ளர் அளவுதான்.

மார்பறைக்கும் வயிற்றறைக்கும் நடுவில் உதரவிதானம். பாடப்புத்தகப் படத்தில் நேர்க்கோடாகத் தெரியும் இந்தத் தசை, உண்மையில் மேல்நோக்கிக் குவிந்தது. மூச்சை முழுவதும் விட்ட நிலையில் அதன் உச்சி ஏறக்குறைய மார்புக்காம்பின் மட்டம் வரை ஏறி நிற்கும். ஆகவே கீழ் விலாக்களுக்குப் பின்னால் இருப்பது நுரையீரல் மட்டுமல்ல. வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் மண்ணீரல். இரண்டும் வயிற்று உறுப்புகள், ஆனால் விலாக்கூட்டின் நிழலில் வாழ்பவை. ‘விலாவில்தான் அடி, வயிற்றில் ஒன்றுமில்லை’ என்று அடிபட்டவர் சொன்னால், இடது கீழ் விலாவானால் மண்ணீரலைத்தான் மருத்துவர் முதலில் சந்தேகிப்பார். மண்ணீரலின் எடை 150 கிராம்தான். ஆனால் ரத்தம் ஊறிய, எளிதில் கிழியும் உறுப்பு. சில சமயம் அன்றே கிழியாமல், அதன் உறைக்குள்ளேயே ரத்தம் கட்டி, சில நாள் கழித்து வெடிப்பதும் உண்டு.

மண்ணீரல் கிழிந்தவர்களில் சிலர் வலிக்கிறது என்று காட்டும் இடம் இடது தோள்பட்டை! தோளில் ஒரு சிராய்ப்புகூட இருக்காது. உதரவிதானம் கருவில் உருவானது கழுத்துக்கு அருகே. பிறகு கீழே இறங்கியபோது, கழுத்தில் கிளம்பிய தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது அதன் அடிப்பரப்பில் ரத்தம் பட்டு உறுத்தும்போது, செய்தி கழுத்து நரம்புகளின் வழியே போகிறது. அதே நரம்புகள்தான் தோளின் தோலுக்கும் போகின்றன. மூளை தோள் வலிக்கிறது என்று முடிவுகட்டுகிறது.

வயிற்றறை ஏமாளித்தனமாகக் கட்டப்பட்டது என்றே சொல்லலாம். முதுகுப் பக்கம் எலும்பு உண்டு. முன்பக்கம் தசை மட்டுமே. உணவுக்கும் கர்ப்பத்துக்கும் இடம்விட வேண்டியிருப்பதால் அது அப்படித்தான் இருக்க முடியும். சீட் பெல்ட் போடும் முறை இதிலிருந்தே புறப்படுகிறது. பெல்ட்டின் குறுக்குப் பட்டை இடுப்பெலும்பின்மேல் தாழ்வாக அமர வேண்டும். சாய்வுப் பட்டை தோளெலும்பிலும் மார்பெலும்பிலும். எலும்புகள் விசையை வாங்கிக்கொள்ளும். குறுக்குப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிட்டால் அதே பெல்ட் குடலை முதுகெலும்போடு வைத்து அழுத்தும். இருக்கையில் சரிந்து உட்கார்ந்து வருபவருக்கு இது நடக்கும். வயிற்றின் குறுக்கே கோடாகக் கன்றிப்போன பெல்ட் தழும்போடு வருபவருக்கு, உள்ளே குடல் கிழிந்திருக்கிறதா, முதுகெலும்பு பிளந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் இதே விதிதான்: குறுக்குப் பட்டை வயிற்றுக்குக் கீழே, சாய்வுப் பட்டை மார்புகளுக்கு நடுவே.

சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீட்டர். அதைத் தாங்கிப் பிடித்திருப்பது மெசென்ட்ரி என்ற மடிப்பு. அது பின்சுவரில் ஒட்டியிருக்கும் இடமோ 15 செ.மீ.தான். சேலைக் கொசுவத்தைப்போல, இடுப்பில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கி, கீழே விரிந்து போகிறது. குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் எல்லாம் இந்த மடிப்புக்குள்தான் ஓடுகின்றன. மோதலில் மடிப்பு கிழிந்தால், குடலில் ஓட்டையே விழாவிட்டாலும் அந்தத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோகும். ஓரிரு நாளில் அது அழுகத் தொடங்கும்.

இதுவரை சொன்ன பெல்ட் எல்லாம் காரில் போகிறவர்களுக்கு. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார்களைச் செய்பவர்களில் எத்தனையோ பேர் வேலைக்கு வருவது கம்பெனி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பைக்குக்கு நசுங்கிக் கொடுக்கும் முகப்பு இல்லை, பெல்ட் இல்லை. வண்டி திரும்பி விழும்போது ஹேண்டில்பாரின் முனை மேல்வயிற்றில் இடிக்கும். அங்கே ஆழத்தில், பெரிட்டோனிய உறைக்கும் பின்னால், முதுகெலும்பின் குறுக்கே கணையமும் முன்சிறுகுடலும் கிடக்கின்றன. முன்னால் ஹேண்டில்பார், பின்னால் எலும்பு. நடுவே அவை நசுங்கும். உறைக்குப் பின்னால் இருப்பதால் அடிபட்ட உடனே வயிறு விறைப்பதில்லை, வலியும் அதிகம் தெரிவதில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ காய்ச்சலும் வாந்தியுமாக வருவார்கள்.

இடுப்பறையைப் பற்றி இரண்டு சேதிகள் போதும். காலியான சிறுநீர்ப்பை இடுப்பெலும்புக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்திருக்கும். நிறைந்தால் வயிற்றறைக்குள் எழும்பி நிற்கும், அடிபட்டால் அங்கேயே வெடிக்கும். மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு லாரி ஓட்டுபவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. இன்னொன்று, இடுப்பு வளையம் உடைந்து விரிந்தால் லிட்டர் கணக்கில் ரத்தம் உள்ளேயே போகும். வேறெதுவும் கையில் இல்லாதபோது, தொடையெலும்பின் மேல்முனை புடைத்திருக்கும் மட்டத்தில் ஒரு போர்வையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதுகூட அந்த ரத்தப்போக்கைக் குறைக்கும்.

மண்டையோடு மற்ற மூன்றைப் போன்றதல்ல. அதற்கு விரியவே தெரியாது. 1.4 கிலோ மூளை, 150 மில்லி தண்டுவடத் திரவத்தில் மிதப்பதால் அதன் எடை உள்ளே சுமார் 50 கிராமாகத்தான் உணரப்படும். அன்றாடக் குலுக்கல்களுக்கு இது அருமையான பாதுகாப்பு. ஆனால் உள்ளே இருப்பவை மூன்றே பொருள்: மூளை, ரத்தம், திரவம். ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் மன்றோ 1783-லும், ஜார்ஜ் கெல்லி 1824-லும் கண்டு சொன்ன விதி இது. நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தில் ஒரு தமனி ஓடுகிறது. அங்கே அடிபட்டு அது கிழிந்தால், முதலில் மயங்கியவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார், தண்ணீர் கேட்பார், வீட்டுக்குப் போகலாம் என்பார். அந்த நேரத்தில் திரவமும் ரத்தமும் வெளியேறி இடம் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். இனி விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை என்ற கட்டம் வந்ததும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். சில மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர் சில நிமிடங்களில் நினைவிழப்பார்.

2008 செப்டம்பரில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த திருக்கழுக்குன்றத்தின் மருத்துவத் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். ஒரு அறை முற்றிலும் தோற்றுப்போன நிலையிலும் மற்ற அறைகளில் இருந்தவை பழுதில்லாமல் இயங்கிக்கொண்டிருந்தன. பெற்றோர் அவற்றைத் தானம் செய்தனர். மார்பறையிலிருந்து எடுத்த இதயம் நான்கு மணி நேரத்துக்குள் இன்னொரு மார்பறையில் துடிக்க வேண்டும். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வழியை ஒதுக்கிக் கொடுத்ததால் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் அது போய்ச் சேர்ந்து, ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்புதானம் பரவலானதற்கு அந்தத் தாய் தந்தையின் முடிவுதான் முதல் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. உறுப்புதானம் செய்வோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழக முதல்வர் அறிவித்தது 2023 செப்டம்பர் 23 அன்று.

அறைகள் காக்கின்றன, சரி. அவை மறைக்கவும் செய்கின்றன. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் தரையில் தெரியும். மார்பறையின் ஒரு பக்கமே ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தத்தை ஒளித்துக்கொள்ளும். வயிற்றறையோ உடலின் ரத்தம் முழுவதையும் வாங்கிக்கொண்டாலும், ஆரம்பத்தில் வெளியே வித்தியாசம் காட்டாது. நாடியும் ரத்த அழுத்தமும் காட்டிக்கொடுக்கும் என்று நம்பினால் அதுவும் தாமதம். ஆரோக்கியமான இளைஞரின் உடல் ரத்தக்குழாய்களை இறுக்கிச் சமாளிக்கும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போன பிறகுதான் அழுத்தம் விழத் தொடங்கும்.

இந்த ஒளிவிடங்களைத் தேட விபத்துப் பிரிவுகளில் இப்போது ஃபாஸ்ட் ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்கிறார்கள். நான்கு இடங்களைத்தான் பார்ப்பார்கள்: இதய உறை, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே உள்ள பள்ளம், மண்ணீரலைச் சுற்றிய இடம், இடுப்பறையின் அடி. படுத்திருக்கும் உடலில் ரத்தம் எங்கே ஓடித் தேங்கும் என்பதை வைத்துத் தேர்ந்த இடங்கள் இவை. வலியில்லை, கதிர்வீச்சில்லை, ஐந்து நிமிடம்கூட ஆகாது. முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், ஏனென்றால் ரத்தம் தேங்க நேரம் வேண்டும். ‘நன்றாகத்தானே இருக்கிறார், ஷிப்டுக்குப் போக வேண்டும், விடுங்கள்’ என்று உடன் வந்தவர்கள் வற்புறுத்தும்போதும் மருத்துவர் ஒரு நாள் படுக்கச் சொல்வது இதற்காகத்தான். செலவை நினைத்துக் கிளம்பிவிடவும் வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் என்கிறது.

பொம்மைக்குத் திரும்புவோம். மார்பு 50 மி.மீ. அமுங்கலாம் என்ற எல்லை எங்கிருந்து வந்தது? இறந்தவர்களின் உடல்களிலிருந்து. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1930-களின் இறுதியில் மண்டையோட்டில் தொடங்கிய சோதனைகள் பிறகு மார்புக்கும் வயிற்றுக்கும் இடுப்புக்கும் விரிந்தன. எவ்வளவு அமுங்கினால் எத்தனை விலா உடைகிறது, எந்த உறுப்பு கிழிகிறது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த அட்டவணைகள் அவை. அமுங்கும் அளவு மட்டுமல்ல, அமுங்கும் வேகமும் முக்கியம் என்று 1980-களில் தெரிந்தது. மெதுவாக அழுத்தினால் தாங்கும் கல்லீரல், அதே அளவு அழுத்தம் வேகமாக வந்தால் கிழிந்துவிடுகிறது. அந்த அளவுகோலும் இப்போது தரநிலைகளில் இருக்கிறது. அறியாத எத்தனையோ பேரின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் அந்த உடல்களைத் தானம் செய்தவர்கள்.

ஆனால் ஹைப்ரிட் 3 என்பது 1970-களின் அமெரிக்க ஆண். நம் ஊரின் சராசரி ஆண் அதைவிடச் சுமார் 10 செ.மீ. குட்டை. பெடலை எட்டுவதற்காக இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்பவர் ஸ்டீயரிங்குக்கு அருகில் வந்துவிடுகிறார். நெஞ்சு நிற்பதற்கான தூரம் குறைந்துவிடுகிறது. பெண்களுக்கு இடைவெளி இன்னும் குறைவு. சுங்குவார்சத்திரத்து மின்னணு ஆலைகளில் வேலை செய்யும் பெண்களின் இடுப்பறையின் அகலமும் விலாக்கூட்டின் ஆழமும் அந்தப் பொம்மையில் எங்கேயும் இல்லை. ஐந்தடி உயரப் பெண் பொம்மை ஒன்று உலகில் இருக்கிறது. ஆணின் அளவுகளைச் சுருக்கிச் செய்ததுதான் அது.

உறுப்புகளையும் சேர்த்துக் கணிக்க வேறொரு வழி வந்திருக்கிறது. டொயோட்டா நிறுவனம் 2000-த்தில் தம்ஸ் என்ற கணினி மனித உடலை உருவாக்கியது. அதன் பிந்தைய பதிப்புகளில் மூளை, நுரையீரல், இதயம், கல்லீரல், மண்ணீரல், குடல் எல்லாம் தனித்தனி வடிவமாகவே இருக்கின்றன. கணினிக்குள் காரை மோதவிட்டு, சுவர் எவ்வளவு அமுங்கியது என்பதோடு நிற்காமல் கல்லீரலின் எந்த ஓரம் எவ்வளவு இழுபடுகிறது என்பதையும் பார்க்கலாம். 2021 முதல் அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தலாம். 150 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உள்ள ஒரு தமிழ்ப் பெண்ணின் உடலை, நம் மருத்துவமனைகளின் சிடி ஸ்கேன் அளவுகளை வைத்து அதில் உருவாக்கிவிட முடியும். அதைச் செய்யத் தெரிந்த பொறியாளர்களும் அளவுகளைத் தரக்கூடிய கதிரியக்க மருத்துவர்களும் ஒரகடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள்ளேயே இருக்கிறார்கள்.